பெயர் போடாத எழுபது மாதங்கள்

கோணாமலையின் மகன் யோகராசா வென்றவற்றை வரிசையாகவே சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், பத்தொன்பது வயதில் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் கிளாஸ் கழுவும் வேலையைப் பிடித்தான். கலவரம் வந்து ஹோட்டல் பூட்டப்படுவதற்குள், கழுவ வருகிற வெறும் கிளாஸை மணந்தே அதில் எந்தப் போத்தல் ஊற்றப்பட்டது என்று சொல்லப் பழகிவிட்டான். மூன்று நாடுகளில் மறிபட்டு, 1987இல் கனடா போய்ச் சேர்ந்தான். ரொறன்ரோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே இங்கிலிஸ் படித்தான். 1992இல் வைன் சுவைப்போருக்கு ஒரு சோதனை வைத்தார்கள். லேபலை மறைத்த பன்னிரண்டு வைன்களில் பதினொன்றைச் சரியாகச் சொல்லி, நாற்பத்து மூன்று பேரில் முதலாவதாக வந்தான். மற்ற நாற்பத்திரண்டு பேரும் சிறுவயதிலிருந்தே சாப்பாட்டு மேசையில் வைன் கண்டவர்கள். 1993இல், உணவக முதலாளி மாதந்தோறும் அச்சிடும் நாலு பக்கத் தாளில் வைன் பற்றி எழுதும் இடம் அவனுக்குக் கிடைத்தது.

அக்கா இரத்தினம்மா இவற்றையெல்லாம் திகதி தவறாமல் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். படித்தது ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் எழுத்து அச்சுப்போல இருக்கும். தம்பியின் கடிதங்களுக்கு இலக்கம் போட்டு, வந்த நாளையும் மூலையில் குறித்து வைப்பாள். அந்தக் கொப்பியில் அவள் எழுதாமல் விட்டது ஒன்றுதான். 1993 வைகாசியில் அவள் செய்தது.

ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் அப்பா கோணாமலை கட்டாடியார்; பூசை செய்பவர். வருடத்துக்கு ஒருமுறை, வைகாசியில்தான் கோயில் கதவு திறக்கும். திறந்தால் கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஏழு நாட்கள் அவர் கோயிலை விட்டு வரமாட்டார். வீட்டிலும் மச்சம் மாமிசம் இல்லை, பழைய சட்டி இல்லை, மது என்ற பேச்சே இல்லை. அந்த வருடம் மூன்றாம் நாள் தபாலில் தம்பியின் கடிதம் வந்தது. தபாற்கந்தோர் வாசலிலேயே இரத்தினம்மா பிரித்தாள். உள்ளே அச்சடித்த தாள். தாளில் ஒரு போத்தலின் படம்.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவள் நேரே பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கு நடந்தாள். 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த கலவரத்துக்குப் பிறகு இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த தெருவால் போய்வருவோர் குறைவு. ஆனாலும் அப்துல் கபூரின் கொமியூனிகேஷன் கடைக்கு அவள் மாதம் ஒருமுறை போவாள். வெளிநாட்டுக்குப் பேச அந்தப் பக்கத்தில் வேறு ரெலிபோன் இல்லை. கபூர் குவைத்தில் பத்து வருடம் கிளாக்கர் வேலை பார்த்தவர், இங்கிலிஸ் தெரிந்தவர். அண்ணன் முறையில் அவரை ‘நானா’ என்பாள்.

“நானா, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

கபூர் கண்ணாடியை மாட்டினார். படத்தைக் கண்டதும் தாளைத் தள்ளிப் பிடித்தார்.

“அஸ்தஃபிருல்லாஹ்! என்ட கடையில இருந்து சாராயத்தப் பத்தி வாசிக்கச் செல்றீங்களா தங்கச்சி?”

“எங்கட தம்பி எழுதினது நானா.”

“அவன் எழுதினா ஹலாலாயிருமா?” என்று கேட்டுக்கொண்டே வாசித்துச் சொன்னார்.

குளிர் ஏரிக்கரை ஒன்றில் விளைந்த ‘பினோ நுவார்’ என்ற சிவப்பு வைனைப் பற்றி யோகராசா எழுதியிருந்தான். ‘நிறம் மெலிந்தது என்று இதைப் பலர் ஒதுக்குகிறார்கள். கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிகிறதாம். மெல்லிய தோலுள்ள பழம் மைபோலக் கறுக்க எங்கே போகும்? குளிர் நிலத்தில் அது அவசரமில்லாமல் பழுத்திருக்கிறது. முதலில் வருவது வீரைப்பழம். நான் பிறந்த இடத்தில் காட்டில் பொறுக்குவோம். சிவப்பு, கொஞ்சம் புளிப்பு. அடுத்தது, அறுவடை முடிந்த வயலில் மழை விழுந்ததும் வைக்கோல் விடும் மணம். வாயை விட்டுப் போன பிறகும் புளிப்பு நாக்கோரத்தில் நின்று அடுத்த வாய்ச் சோற்றைக் கேட்கிறது. அவசரக்காரர் இதை வாங்க வேண்டாம்.’

கபூர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் ஒரு நாளும் இதத் தொட்டதில்ல தங்கச்சி. ஆனா எங்கட கரடியனாத்துக் காட்டுப் பழத்த இப்பிடி ஒருத்தன் சென்னதக் கேட்டதும் இல்ல.”

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. ‘இந்த முறை எழுத்தைச் சோதித்துப் பார்க்கப் பெயர் போடாமல் அச்சடித்தார்கள். இனிப் போடலாமாம். அப்பாவிடம் கேட்டுச் சொல்லு அக்கா.’

“இதில அப்பாட்டக் கேக்க என்ன கிடக்கு நானா?”

“அங்க ஒங்கட வாப்பாட பேருதான் ஆளுட பேரு தங்கச்சி. யோகராசா கோணாமலை எண்டுதான் விழும். அவனக் கூப்பிடுறதே ‘மிஸ்டர் கோணாமலை’ எண்டுதான்.”

போத்தலுக்குக் கீழே கோணாமலை. இரத்தினம்மா படத்தை உள்ளங்கையால் மூடினாள். குளிர்த்தி முடிய இன்னும் நாலு நாள். நாலே நாள் பொறுத்து அப்பாவிடம் கேட்டிருக்கலாம். அவள் பொறுக்கவில்லை. அப்போதே தம்பியின் இலக்கத்தைச் சுற்றச் சொன்னாள். இங்கே பின்னேரம், அங்கே விடிகாலை.

“டேய், நீ குடிக்கிறயா?”

“இல்லக்கா. வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவன்.”

“துப்புறதுக்கு ஆரும் சம்பளம் குடுப்பானாடா?”

யோகராசா சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. “அப்பாட்டக் கேட்டயா?”

“கேட்டன். வேண்டாமாம். அம்மாள்ட வாசல்ல நிக்கிற மனிசன்ட பேரச் சாராயப் போத்தலுக்குக் கீழ போடப்படாதெண்டிட்டார்.”

“சரிக்கா. அப்பா சொன்னாச் சரிதான்.”

அவள் அப்பாவைக் கேட்கவே இல்லை என்பது கபூருக்குத் தெரியும். தாளை மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். அதன்பின் மாதாமாதம் கடை முகவரிக்கே வந்த தாள்களும் அந்த லாச்சிக்குள்தான் போயின. ஒன்றிலும் பெயர் இல்லை. “தம்பி என்னவாம்?” என்று அப்பா கேட்டால், “சுகமாயிருக்கானாம்” என்பாள்.

1996இல், அந்தத் தாளில் வந்தவற்றுள் சிறந்த எழுத்தென்று வாசகர்கள் யோகராசாவின் கட்டுரை ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். அதற்காக ஒரு விருந்து நடந்தது. எழுதியவர் எழும்பி நிற்கட்டும் என்று மேடையில் கேட்டார்கள். யோகராசா பின்கட்டில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எனக்கெண்டு ஒரு கதிரை போட்டிருந்தாங்க அக்கா. அந்தக் கதிரைக்கு எல்லாரும் கைதட்டினாங்க” என்று ரெலிபோனில் சொல்லிச் சிரித்தான்.

இரத்தினம்மா சிரிக்கவில்லை. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடைக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள், தெரு மறிக்கப்போகிறார்கள் என்றார்கள், அப்பாவுக்கு இருமல் என்று தனக்குத்தானே காரணங்களை அடுக்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

1999 தைப்பொங்கலுக்கு மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். மகனோடு பேச அப்பாவே காத்தான்குடிக்குப் போனார். எழுபத்தாறு வயது, வீங்கிய கால். போனவர் வர நேரமாயிற்று. வந்ததும் பாயில் கிடந்தவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கபூர் லாச்சியத் திறந்து எல்லாத்தையும் வாசிச்சுச் சொன்னான் மகள். அண்டைக்கு நீ தம்பியிட்டச் சொன்னதையும் சொன்னான். கோல் எடுக்க வந்த ரெண்டு பேர், இவன் வாசிச்சு முடிக்கமாட்டான் எண்டு திரும்பிப் போயிட்டாங்க.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

“நான் எப்ப மகள் வேண்டாமெண்டனான்?”

“கேட்டா ஏசுவீங்க எண்டு...”

“ஏசியிருப்பன். ரெண்டு நாள் ஏசியிருப்பன். மறுகா போடச் சொல்லியிருப்பன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “ஒரு பழத்தப் பத்தி அவன் பொய் சொல்லாம எழுதியிருக்கான். அதுக்குக் கீழ என்ட பேர் கிடந்தா எனக்கென்ன குறை?”

“தம்பியிட்ட என்னப்பா சொன்னீங்க?”

“பேரப் போடு மனே எண்டன். நான்தான் மனம் மாறினதெண்டு சொன்னன். நீ படு.”

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திராது.

பெப்ரவரித் தாள் அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது. அதிலும் பெயர் இல்லை. அப்பா இரண்டு தடவை “வந்திட்டா?” என்று கேட்டார். மூன்றாம் தடவை கேட்க அவர் இருக்கவில்லை. பெப்ரவரி இருபதாம் திகதி, மத்தியானச் சோற்றுக்கு முன் போய்விட்டார். மகன் வர வழியில்லை. கொள்ளி வைத்தது இரத்தினம்மாவின் புருசன் கனகசிங்கம்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த கபூர், சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை வேலியோரம் நின்று, கடைக்கு வந்திருந்த மார்ச் மூன்றாம் திகதித் தாளை அவள் கையில் கொடுத்தார். வாசிக்கவா என்று அவர் கேட்கவில்லை. இங்கிலிஸ் தெரியாவிட்டாலும் எழுத்துக்களை அவள் அடையாளம் காண்பாள். பக்கத்தின் அடியில் விழுந்திருந்த பெயரில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். “வந்திட்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா இதைப் பார்க்கவில்லை. இதற்கு முன் வந்த எழுபது தாள்களில் இனி யாரும் பெயர் எழுதவும் முடியாது.

அன்று பின்னேரமே தம்பிக்குக் கடிதம் எழுதினாள். அப்பா ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை, சொன்னது நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதினாள். மன்னிப்புக் கேட்கும் வரி மட்டும் கோணலாக விழுந்தது. கடிதத்தை ஒட்டி முடித்துவிட்டு, கொப்பியை எடுத்து, 1993 வைகாசிக்கென்று விட்டிருந்த இடத்தில் நடந்ததை நடந்தபடி நிரப்பினாள். அதற்குக் கீழே கடைசியாக ஒரு வரி:

யோகராசா கோணாமலை, முதற்கையொப்பம், 1999 மார்ச் 3.