பேடு மட்டும் போதும்

லீமாவுக்குக் கோபம் வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏலக்காரனிடம் வரும், ஐஸ் உடைத்துத் தருகிறவனிடம் வரும், பிரசங்கம் நீண்டுபோனால் பங்குச்சாமியாரிடமும் வரும். ஆனால் திருவிழா முடிந்து முதல் மீன் எடுத்த அன்று அவளுக்கு வந்த கோபத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

குளச்சலுக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கிறது எங்கள் ஊர். லீமா துறைமுகத்தில் மீன் எடுத்து, கருங்கல், மார்த்தாண்டம் தாண்டி சிதறால் பக்கத்துச் சந்தைகள் வரைக்கும் கொண்டுபோய் விற்பவள். முன்பெல்லாம் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு கண்டக்டர், நாறுகிறது என்று சொல்லி அவள் கூடையைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். நடுரோட்டில் நின்று அவரைத் திட்டித் தீர்த்தவள், மறுவாரமே டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வாங்கினாள். கணவன் மரியஜான் அப்போது ஷார்ஜாவில் ஒரு கம்பெனி டிரைவர். வண்டி லீமாவின் பெயரில்தான் இருந்தது.

கம்பெனி மூடி மரியஜான் ஊருக்கு வந்தபிறகுதான் சிக்கல் தொடங்கியது. காலையில் லீமா சந்தைக்கு ஓட்டுவாள். மதியத்துக்குமேல் அவன் எடுத்துக்கொண்டு போவான். கல்யாண வீட்டுக்கு நாற்காலி ஏற்றுவது, கூட்டாளிக்கு மணல் அடிப்பது என்று அவன் ஓடும்போது, ஊரில் எல்லோரும் 'மரியஜானுக்க வண்டி' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அவனும் திருத்தவில்லை.

திருவிழாவுக்குச் சற்று முன்னால் பிரேக் மிதிக்கும்போது 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. லீமா அன்றே சொன்னாள்.

"பேடு தேஞ்சிருக்கு. மத்தியானம் ஜாஸ்பருக்க ஒர்க்‌ஷாப்புல காட்டுங்க."

அவன் காட்டவில்லை. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினான். கீச் சத்தம் கர்ரென்று மாறியது. பிரேக் பேடில் இருக்கும் கட்டி முழுவதும் தேய்ந்து, பின்னாலிருக்கிற தகடு இரும்போடு உரசும் சத்தம் அது. "இன்னைக்குக் காட்டாம இருந்தா சாவிய எடுத்துருவேன்" என்று லீமா சொன்ன பிறகுதான் அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். மாலையில் வந்து, "பேடு மாத்தியாச்சு" என்றான். அவளும் நம்பினாள். திருவிழா நாட்களில் எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள். மீன் இல்லாததால் அவள் வண்டியைத் தொடவில்லை.

தேர்ப்பவனியும் முடிந்து முதல்நாள் மீன் வந்தது. சாளைக் கூடைகளை ஏற்றிக்கொண்டு லீமா கிளம்பினாள். பக்கத்து சீட்டில் டெல்சி இருந்தாள். டெல்சி அவளைவிட மூத்தவள், அவளும் மீன் விற்கிறவள். கருங்கல் தாண்டும்போதே பிரேக் மிதியில் ஒரு நடுக்கம் தெரிந்தது. புதுப் பேடு, ஓடினால் பழகிவிடும் என்று லீமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மார்த்தாண்டம் தாண்டி, இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டமாக இருக்கும் இறக்கம் ஒன்று உண்டு. இறக்கத்தின் வளைவில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றிருந்தது. பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். லீமா பிரேக்கை மிதித்தாள். மிதி காலைத் திருப்பி உதைத்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. வண்டி நிற்பதற்குப் பதிலாக அதிர்ந்துகொண்டே இறங்கியது.

"மாதாவே!" என்று டெல்சி கத்தினாள்.

லீமா கியரை இரண்டுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை ரோட்டோரச் செம்மண் மேட்டில் உரசவிட்டாள். இடப்பக்கக் கண்ணாடி தெறித்தது. கூடைகள் முன்னால் சரிந்து, சாளை முழுவதும் ஐஸோடு ரோட்டில் கொட்டியது. வண்டி நின்றபோது எதிரே ஒரு சின்னப் பெண்பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் நின்றது. இடையில் இரண்டு ஆள் நிற்கிற இடம்கூட இல்லை.

வேனில் இருந்த ஆயா ஓடிவந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு, லீமாவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். லீமா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவள் பதில் பேசாமல் நின்றதை டெல்சி முதல்தடவையாகப் பார்த்தாள்.

பிறகு லீமா முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்தாள். எரிந்த வாடை வந்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு வட்டுதான் டிஸ்க். பேடு இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது அதைத்தான். அந்த டிஸ்க் வழவழப்பாக இருக்கவேண்டும். அது உழுதுபோட்ட வயல் மாதிரி வரிவரியாகப் பள்ளம் விழுந்துகிடந்தது. அங்கங்கே சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அவள் போனை எடுத்தாள்.

"ஜாஸ்பரு, நீ பேடு மாத்துனியா, இல்ல பேருக்கு வீலக் கழத்தி மாட்டுனியா?"

ஜாஸ்பர் பைக்கில் வந்து சேர்ந்தான். டிஸ்க்கைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"அக்கா, அண்ணங்கிட்ட அன்னைக்கே சொன்னேன். டிஸ்கு ரெண்டும் தேஞ்சு போச்சு, மீன்தண்ணி பட்டு துருவும் பிடிச்சிருக்கு, மாத்தணும்னு. இதுக்குக் கீழ தேஞ்சா ஓட்டப்பிடாதுன்னு டிஸ்குலயே அளவு அடிச்சிருக்கும். அளந்துகூட காட்டுனேன். நாகர்கோவில்லேருந்து சாமான் வரணும், ஒருநாள் வண்டி இங்கயே நிக்கணும்னேன். அவருதான், கொடியேத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி ஏத்தணும், இப்பம் பேடு மட்டும் போதும், டிஸ்க பொறவு பாக்கலாம்னு சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"எனக்க நம்பரு உனக்க போன்ல இல்லியா?"

"இருக்கு."

"தெனமும் இந்த எறக்கத்துல எறங்குகது நானு. கேக்கது அவருகிட்டயா? ஆம்பிள நின்னா போதும், வண்டி யாருக்கதுன்னு நீ பாக்கமாட்டியோ?"

ஜாஸ்பர் தலையைச் சொறிந்தான். "தப்புதான் அக்கா."

"தப்புதான்னு சொல்லிக்கிட்டு அந்தப் பிள்ளைக்க அம்மைகிட்ட போயி நிப்பியா?"

முதல் கியரிலேயே ஊர்ந்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். உப்பும் துருவும் ஏறி டிஸ்க் சக்கர அச்சோடு ஒட்டிப்போயிருந்தது. ஜாஸ்பர் சுத்தியலால் அடித்து அடித்துக் கழற்றினான். லீமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டிஸ்க்கின் ஓரம் மட்டும் கத்திபோல் உயர்ந்து நின்றது. நடுவில் தேய்ந்து மெலிந்திருந்தது.

"லேத்துல குடுத்துச் சீவுனா சரியாவாதா?" என்று கேட்டாள்.

"இன்னும் சதை இருந்தா சீவலாம். இதுல சீவுனா இன்னும் மெலியும். சூடாச்சுன்னா வெடிக்கும் அக்கா. இத இனி திரும்பப் போடமுடியாது."

அவள் அந்த டிஸ்க்கை எடுத்துக் காலிக் கூடையில் போட்டாள். ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். மரியஜான் மதியச் சாப்பாட்டில் இருந்தான். லீமா கூடையைக் கவிழ்த்தாள். டிஸ்க் மேஜைமேல் விழுந்த வேகத்தில் தட்டு துள்ளி, குழம்பு அவன் சட்டையில் தெறித்தது.

"இது என்னது?"

"ஷார்ஜால நீரு இத பாத்ததே இல்லியா?" கோபம் தலைக்கேறினால் அவள் வாயில் 'நீங்க' போய் 'நீரு' வந்துவிடும்.

"சத்தம் போடாத. ஆளுக கேக்கும்."

"கேக்கட்டு. எல்லாரும் கேக்கட்டு. இன்னைக்கு ஒரு பிள்ளைய கொல்லப் பாத்தேன். டெல்சியக்காவும் வண்டில இருந்தா."

அவன் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, மெதுவாக, "ஒண்ணும் ஆவலல்லா?" என்றான்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். லீமா தட்டை எடுத்து முற்றத்தில் எறிந்தாள். பக்கத்து வீட்டு அபினா சுவருக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"ஜாஸ்பரு அளந்து காட்டுனான். உமக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு ஏன் சொல்லல?"

அவன் சட்டையில் தெறித்த குழம்பைத் துடைத்தான். கடைசியில் உண்மையைச் சொன்னான்.

"சொன்னா நீ வண்டி தரமாட்டல்லா. திருவிழாக் கமிட்டில எல்லார் முன்னாலயும் வாக்கு குடுத்தாச்சு. பெட்டி ஏத்த வண்டி இல்லேன்னு நான் எப்பிடிப் போயி சொல்லுகது?"

லீமா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்னது சரிதான். தெரிந்திருந்தால் அவள் வண்டியைக் கொடுத்திருக்கமாட்டாள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்பீக்கர் பெட்டி கடற்கரையில் சமதரையில்தான் போய்வந்தது. மலை இறக்கத்துக்குப் போகிறவள் அவள்.

மறுநாள் நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய் அவனே டிஸ்க் ஜோடியை வாங்கிவந்தான். சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தானாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்பதால் இரண்டு பக்கமும் மாற்றினார்கள். பேடு புதிதுதானே, தேய்த்துவிட்டு அதையே போடலாம் என்று ஜாஸ்பர் தயங்கித் தயங்கிச் சொன்னான். லீமா அந்தப் பேடுகளைக் கையில் எடுத்தாள். பழைய டிஸ்க்கின் வரிகள் அப்படியே அவற்றில் பதிந்திருந்தன. ஓடையில் வீசினாள்.

"புதுசு போடு."

போட்டபிறகு வண்டியை மெதுவாக ஓட்டி, திரும்பத் திரும்ப பிரேக் மிதித்துப் பழக்கவேண்டும். லீமா ஏறி உட்கார்ந்தாள். மரியஜான் மறுபக்கக் கதவைத் திறந்தான்.

"ஏறாண்டாம்" என்றாள்.

அவன் நடந்தே வீட்டுக்குப் போனான். அவள் ஆளில்லாத ரோட்டில் வேகம் எடுத்து, மிதித்து, மீண்டும் எடுத்து, மிதித்துப் பார்த்தாள். மிதி உறுதியாக நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினாள்.

டெல்சி சமாதானம் சொன்னாள். "ஏட்டி, மாப்பிள்ளதானே, மன்னிச்சு விடு."

"மன்னிப்பேன். இப்பம் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருவிழாக் கமிட்டித் தலைவர் ததேயுஸ், உதவியவர்களுக்கெல்லாம் மைக்கில் நன்றி சொன்னார். பந்தல் போட்டவர், விளக்கு கட்டியவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, "ஸ்பீக்கர் ஏத்த சொந்த வண்டிய தந்து உதவிய மரியஜானுக்கும்" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து லீமா எழுந்தாள்.

"அது எனக்க வண்டி. எங்கிட்ட யாரும் கேக்கல."

சாமியார் பீடத்தைப் பார்த்தார். ததேயுஸ் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். ஆண்கள் பக்கத்தில் மரியஜான் தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, "அவளுக்க வண்டிதான்" என்றான். லீமா உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் வாசலில் வந்து நின்றான். "நாளைக்கு மத்தியானம் ஒரு வீட்டுக்கு ஓடு ஏத்தணும். வண்டி தருவியா?"

இந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டது அதுதான் முதல்தடவை.

"இல்ல" என்றாள் லீமா.

அவன் தலையாட்டிவிட்டு, வாடகை வண்டி கேட்கப் போனான்.