அண்ணியும் ஆறிப்போன ட்ரையரும்

அண்ணி வளையல்களைக் கழற்றி ஃப்ரிட்ஜின் தலையில் வைக்கிறார். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் ஏதோ ஒரு சாமான் கெட்டுவிட்டது என்று அர்த்தம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மற்ற வீடுகளில் மிக்ஸி நின்றால் முகம் வாடும். அண்ணிக்கோ கல்யாணக் களை வந்துவிடும்.

அவருக்கு ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியும், நெற்றியில் மாட்டும் விளக்கும் டாக்டர் புதிதாக வாங்கியபோது, பழையவற்றைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். அவற்றை வைத்துக்கொண்டு டோஸ்டரின் வாயைத் திறந்து, "ஆ காட்டு, இன்னும் கொஞ்சம்" என்று அதனிடம் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். வெற்றி எப்போதும் கிட்டும் என்று சொல்ல முடியாது. அவர் சரிசெய்த வாக்குவம் கிளீனர் ஒருமுறை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதித் தள்ளியது. எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் இரண்டு தடவை தலை குளித்தார். நாத்தனாரான எனக்கு இதுகூட நினைவில்லாவிட்டால் எப்படி?

போன சனிக்கிழமை நான் அங்கே போனபோது, நாற்காலி, கதவு, ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் ஈரத்துணி. வெளியே விடாத மழை. துணி காயவைக்கும் ட்ரையர் சுற்றுகிறது, ஆனால் சூடு மட்டும் வரவில்லை. அண்ணியின் கண்கள் பளபளத்தன. அப்போதுதான் அண்ணன் நியூஸ் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "சாயங்காலம் வேன் வரும். புதுசை இறக்கிட்டு இதை ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

"வாங்கிட்டீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ கழட்டுவே."

"கழட்டினா என்ன?"

"பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா முடியும். எதுக்கும்மா வம்பு?"

"வேன் வர்றதுக்குள்ள நான் சரி பண்ணிட்டா?"

"பண்ணினா நல்லதுதான்" என்றார் அண்ணன், நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லும் குழந்தையிடம் பேசுகிற குரலில். எனக்கே சுருக்கென்றது. அண்ணியின் முகம் சிறுத்துப் போயிற்று. மறு நிமிடம் வளையல்கள் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தன.

முதலில் ப்ளக்கைப் பிடுங்கினார். யாரும் தெரியாத்தனமாக மாட்டிவிடக் கூடாதென்று ஒயரை நாற்காலிக் கையில் கட்டினார். மெஷினின் முதுகுத் தகட்டைக் கழற்றி, நெற்றி விளக்கோடு உள்ளே தலையை நீட்டினார். இரண்டு முனை கொண்ட மீட்டரால் சூடேற்றும் கம்பிச்சுருளைத் தொட்டார். மீட்டர் கீச்சென்றது. "இதுக்கு உயிர் இருக்கு." பக்கத்திலிருந்த கட்டைவிரல் அளவு ஃபியூஸைத் தொட்டார். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

"மாட்டிக்கிட்டான்" என்றார் அண்ணி. அத்தனை சந்தோஷம். சூடு அளவுக்கு மீறினால் வீடு பற்றிக்கொள்ளாமல் தானே அறுந்துகொள்ளும் ஃபியூஸாம் அது. மழையில் கடைக்கு ஓடி இரண்டாக வாங்கி வந்தார்.

"எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"ஒண்ணு மெஷினுக்கு, ஒண்ணு என் அவசரத்துக்கு."

புதியதை மாட்டி, துண்டுகளைப் போட்டு ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவுக் கண்ணாடி வெதுவெதுத்தது. நான் கையைத் தட்டினேன். அண்ணன்கூடப் பேப்பரை இறக்கினார். டீ குடித்து முடிப்பதற்குள் கண்ணாடி மறுபடி ஜில்லிட்டுவிட்டது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வேறொரு நாளாக இருந்தால் அடுத்த ஃபியூஸும் அதே வேகத்தில் உள்ளே போயிருக்கும். அன்று அண்ணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செத்த ஃபியூஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இது தானா சாகல. ஏதோ இதைச் சாகடிச்சிருக்கு" என்றவர் சட்டென்று எழுந்தார். "காத்து. சூட்டுக்காத்து வெளிய போக வழியில்ல, அதான் உள்ளயே வெந்து போயிருக்கு. குடையை எடு."

ட்ரையரின் பின்னாலிருந்து சுவருக்குப் போகும் சுருள்குழாயை இழுத்தால் கொத்துக் கொத்தாகப் பஞ்சுத்தூசி வந்தது. அது போதாதென்று வெளியே ஓடினார். நான் குடை பிடிக்க, முக்காலியில் ஏறிச் சுவரில் குழாய் முடியும் இடத்தைப் பார்த்தார். கொசுவலைத் துணி. உள்பக்கம் பஞ்சு மெத்தை கனத்துக்கு அடைத்துக் கிடந்தது. வலையின் ஓரங்களை ஒழுங்காக மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பார்சலையும் அப்படிக் கட்டுகிறவர் அந்த வீட்டில் ஒரே ஆள்தான்.

"யாரோ ரொம்ப அக்கறையா கட்டியிருக்காங்க" என்றார் அண்ணி, சற்று உரக்கவே.

ஜன்னலில் அண்ணனின் தலை தெரிந்தது. "குளவி உள்ள போகுதேன்னுதான்..." என்று தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது. வலையும் அவர் வாங்கியது, கம்பியும் அவர் வாங்கியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணி சிரிக்கவில்லை. "குளவிக்கு வேற வழி பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி வலையைப் பிய்த்து எறிந்தார்.

இரண்டாவது ஃபியூஸை மாட்டினார்.

"இதுவும் போச்சுன்னா?" என்றேன்.

"போனா மெஷின் வேன்ல போகும்."

மெஷின் ஓடியது. கண்ணாடி சுட்டது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்னமோ பரீட்சை முடிவு வரப்போவது போல. சூடு இறங்கவில்லை. இன்னும் ஏறியது. வாசலில் வேனின் ஹாரன் கேட்டது.

சொட்டச் சொட்ட நனைந்த இரண்டு பேர் நின்றார்கள். "சார், எங்க இறக்கணும்?"

அண்ணன் ட்ரையரைத் திறந்து ஒரு துண்டை எடுத்தார். கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இறக்க வேண்டாம் தம்பி, மன்னிச்சுக்குங்க. பழசே நல்லா ஓடுது."

"இந்த மழையில வந்திருக்கோம் சார்."

"அதுக்குத்தான் இது" என்று ஆளுக்கொரு சுடுதுண்டைக் கொடுத்தார். முனகிக்கொண்டே வாங்கியவர்கள் தலை துவட்டியதும் முனகலை விட்டுவிட்டார்கள்.

வேன் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அண்ணனைக் காணோம். படுக்கையறைப் பரணில் ஏதோ உருண்டது. தலையெல்லாம் ஒட்டடையோடு, ஒரு டேபிள் ஃபேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். கோடையில் நின்றுபோன ஃபேன். அண்ணி கைவைத்துவிடுவார் என்று பயந்து, பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டதாக அண்ணன் சொல்லியிருந்தார்.

அதை அண்ணியின் முன்னால் இறக்கிவைத்து, "சுத்த மாட்டேங்குது" என்றார்.

அண்ணி ஃபேனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு ஃபேனைக் கவிழ்த்தார். பிறகு, குனிந்த தலை நிமிராமல், ஸ்க்ரூடிரைவருக்காக உள்ளங்கையை அண்ணன் பக்கம் நீட்டினார்.