வேனில் ஸ்பீக்கரில் போட்ட அழைப்பு

இல்லை, இந்த முறை வசூல் அழைப்பை நான் துண்டிக்கவில்லை. அம்மாதான் என் செல்லைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

நானும் அம்மாவும் ஏழாயிரம்பண்ணை பட்டாசு கம்பெனியில் வேலை முடிந்து, கேட்டில் ஒப்படைத்த செல்களை வாங்கிக்கொண்டு வேனில் ஏறியிருந்தோம். அப்பாவின் ஆபரேஷனுக்கு என் கிரெடிட் கார்டைத் தேய்த்த கடன். ஆறு மாதமாக ஊருக்குத் தெரியாமல் மறைத்திருந்தேன்.

வங்கியின் வசூல்காரர் போனில் சொன்னார்: "கம்பெனிக்கே வந்து எல்லார்கிட்டயும் சொல்லிருவேன்."

அம்மா சொன்னாள்: "வாங்க தம்பி. செல்லையும் தீப்பெட்டியையும் கேட்ல குடுத்துட்டு உள்ள வாங்க. ஆனா புதுசா யார்கிட்ட சொல்லுவீக? இங்கன வேனே கேட்டுக்கிட்டு இருக்கு. கடன இல்லைங்கல. மாசம் எம்புட்டுன்னு பேங்க்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

பின்சீட்டிலிருந்து ஒரு அக்கா: "பாவம், மிரட்டாதீக மதினி!"

வேனே சிரித்தது. இவள் என் அம்மா என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எழுந்து நின்று அதைச் சொல்லத் தோன்றியது.

உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட அழைப்பை யார் எடுக்கிறார்கள்?

திருத்தங்கலில் வேனைவிட்டு இறங்கியதும், தவணை கேட்டு வங்கிக்கு மெயில் அனுப்பினேன்.