நான் துட்டி கேட்ட லட்சணம்

ஒத்தக்கடையில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் முன்னால் உட்கார்ந்து, வண்டி கொண்டு வருகிறவர்களிடம் குறை கேட்டு எழுதுவது என் வேலை. கேட்டு எழுதுவேன் என்பது சம்பளம் கொடுக்கிறவர்களின் நினைப்பு. நான் எழுதிவிட்டுத்தான் கேட்பேன். வந்தவர் "லேசா ஒரு சத்தம்" என்று ஆரம்பிப்பதற்குள் ஜாப் கார்டில் 'செயின் லூஸ்' என்று எழுதி முடித்திருப்பேன். இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகு, ஒரு மனிதர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது வீண் வேலை என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்தக் கார்டோடு உள்ளேயிருந்து மெக்கானிக் தம்பி வெளியே வருவான். என்னை ஒன்றும் சொல்ல மாட்டான். வண்டிக்காரர் பக்கத்தில் போய் நின்று, எப்போது சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கம் கேட்கிறது என்று மெதுவாக விசாரிப்பான். ஒருமுறை மேலூர்க்காரர் ஒருவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, சம்சாரம் பின்னால் உட்கார்ந்தால் மட்டும்தான் சத்தம் வருகிறது என்றார். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் கம்பியில் ஒரு போல்ட் கழன்றிருந்தது. இரண்டே நிமிஷத்தில் முடுக்கி அனுப்பினான். என் கணக்குப்படி அந்த வண்டிக்குப் புதுச் செயின் போட்டிருக்க வேண்டும்.

அவன் அலங்காநல்லூர் பக்கத்து ஊர்க்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். பன்னிரண்டு வருஷமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். சாப்பாட்டு நேரம், டீ நேரம் எல்லாம் ஒன்றாகத்தான். நான் பேசுவேன், அவன் கேட்பான். ரெண்டு பேரும் மனம் விட்டுப் பேசிக்கொள்வோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வைகாசியில் அவனுடைய அப்பா இறந்துபோனார். தகவல் வந்தபோது நான் வேலை முடிந்து, ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் ராத்திரி பஸ்ஸில் இருந்தேன். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. ஊர் திரும்பி, அவர் இறந்த ஆறாம் நாள்தான் கோச்சடையில் என் வீட்டிலிருந்து மனைவியோடு தம்பியின் ஊருக்குக் கிளம்பினேன். துக்கம் விசாரிக்கப் போவதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்பார்கள். பெண்கள் உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண்கள் பந்தலில் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட வேண்டும், துக்கத்துக்காரர் அதைத் தொடுவார். பிறகு உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை. அவர் முதலிலிருந்து சொல்வார். அடுத்து ஒருவர் வந்தால் அவருக்கும் முதலிலிருந்து சொல்வார். ஐம்பது பேரிடம் சொல்லிச் சொல்லித்தான் அந்த மனம் கொஞ்சம் ஆறும்.

நான் கையை நீட்டினேன், அவன் தொட்டான். அதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்படி ஆச்சு தம்பி, ஹார்ட்டா?" என்றேன். கேள்வி கேட்கும்போதே பதிலையும் எழுதிவிடுவது தொழில் புத்தி. அவன் தலையை ஆட்டினான். எனக்கு அது போதும். என் அப்பாவுக்கும் ஹார்ட்தான் என்று ஆரம்பித்து, அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, லிஃப்ட் வேலை செய்யாதது, டாக்டர் சொன்னது, நான் திருப்பிச் சொன்னது என்று போய், இருபது நாளில் மனசு சரியாகிவிடும் என்று கெடு வைத்து, காலையில் வெறும் வயிற்றில் நடக்கச் சொல்லி முடித்தேன். நடுவில் இரண்டு முறை அவன், "அண்ணே, அன்னைக்கு மத்தியானம்..." என்று இழுத்தான். இரண்டு முறையும் அவன் கையைப் பிடித்து அழுத்தி, "தெரியும்டா தம்பி" என்று தேற்றிவிட்டேன். எனக்கு என்ன தெரியும் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வாயை மூடியிருந்தது அப்போது மட்டும்தான்.

திரும்பும் வழியில், தம்பிக்கு ரொம்ப ஆறுதலாக இருந்திருக்கும் என்று வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னேன். சிக்கந்தர்சாவடி தாண்டியதும் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இறங்கி நின்று, தம்பியின் அப்பா எங்கே, எப்படி இறந்தார் என்று கேட்டாள். ஹார்ட் என்றேன். எங்கே என்று மறுபடி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வயலில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், ஆள் யாரும் இல்லாத நேரத்தில் விழுந்து கிடந்தாராம். உள்ளே பெண்கள் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பந்தலில் அந்தப் பிள்ளைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அந்தப் புள்ள ஆறு நாளா யாருகிட்டயும் மனசத் தொறக்கலையாம். அண்ணே வரட்டும், அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சாம். அதோட பொஞ்சாதி உள்ள சொல்லி அழுகுது. நீங்க என்னடான்னா வெளிய லிஃப்ட் கதைய அளந்துக்கிட்டு இருக்கீக" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வண்டியைத் திருப்பலாமா என்று கேட்டேன். துட்டிக்கு ரெண்டாம் தடவை போவார்களா, பேசாமல் வீட்டுக்கு விடுங்கள் என்றாள்.

தம்பி தன் அப்பாவின் கருமாதியை முடித்து வேலைக்கு வரும்வரை எனக்கு வீட்டில் பயிற்சி நடந்தது. அவள் சமைத்துக்கொண்டே ஏதாவது சொல்வாள், நான் குறுக்கே விழாமல் கேட்க வேண்டும். முதல் நாள் அவள் தங்கச்சி வீட்டுச் சமாச்சாரத்தில் மூன்றாவது வாக்கியத்திலேயே யோசனை சொல்லித் தோற்றேன். மறுநாள் ஐந்தாவது வாக்கியம் வரை தாங்கினேன். கடைசியில் அவளே பொறுக்க முடியாமல் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கி வந்து, வாய் துறுதுறுத்தால் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கையில் கொடுத்தாள். ஐம்பது வயது ஆளுக்கு இந்த வைத்தியம்.

அவன் வேலைக்கு வந்த அன்றைக்கே டீ நேரத்தில், என்னவோ சொல்லணும்னு இருந்தியாமே என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றான். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். அந்த அமைதியைப் பார்த்ததும் பயந்து, மேலூர் ரோட்டில் பாலம் கட்டுகிறவர்களைப் பற்றி டீ ஆறும்வரை பேசித் தொலைத்தேன். மறுநாளும் ஏறக்குறைய அதே கதைதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. கம்ப்ரஸர் நின்று பட்டறை முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. பின்னால் வண்டி கழுவும் இடத்தில் நிழல் இருக்கும். அவன் அங்கே கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். நானும் போய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். எப்படி ஆச்சு என்று மட்டும் கேட்டேன். ஹார்ட்டா என்று சேர்த்துக் கேட்க வாய் வந்தது, கடலை மிட்டாயைப் போட்டு அடைத்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரண்டாவது மிட்டாயையும் போட்டேன். மூன்றாவதைப் பிரிக்கும்போது அவன் பேசினான்.

"அன்னைக்கு மத்தியானம் அப்பா போன் பண்ணாருண்ணே."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"இங்கனதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நீங்க ஒங்க மச்சினன் வீட்டுல போர்வெல் போட்ட கதையச் சொல்லிக்கிட்டு இருந்தீக. நடுவுல எந்திரிச்சுப் போனா மரியாதையா இருக்காதுன்னு கட் பண்ணிட்டேன். நீங்க முடிச்சதும் கூப்பிட்டேன். ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு, எடுக்கல."

அந்தக் கதை எனக்கு நினைவிருந்தது. முந்நூறு அடியில் பாறை வந்ததை ரொம்ப நேரம் நடித்துக் காட்டினேன். அவன் சிரித்ததாகக்கூட ஞாபகம். அந்த நேரத்தில் ஒரு மனிதர் வயலில் தனியாக நின்று மகனைக் கூப்பிட்டிருக்கிறார். எதற்குக் கூப்பிட்டார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால்தானே, என்னை மன்னித்துவிடு என்று அழுதுவிட வேண்டும்போல் இருந்தது. "தம்பி, நான்..." என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"இருங்கண்ணே. நான் இன்னும் முடிக்கல" என்றான்.

பன்னிரண்டு வருஷத்தில் அவன் குறுக்கிட்டு என்னை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. நான் மன்னிப்புக் கேட்டிருந்தால், அவன் என்னைத் தேற்ற வேண்டி வந்திருக்கும். துக்கம் அவனுடையது, அதிலும் நடுவில் போய் நானே உட்கார்ந்திருப்பேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்வதா வேண்டாமா என்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பறம்?" என்று மட்டும் கேட்டேன்.