பகலில் எரிந்த பல்பு

எழுபதுகளின் கடைசியில், புதுச்சேரியில் பொதுக் கட்டடங்களின் மின் பாதுகாப்பைச் சோதித்து, வீணாகும் கரண்டைக் குறைப்பது என் வேலை. பகலில் விளக்கு எரிந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அன்று ஒரு பிரசவ வார்டு. மூலையில் துணி மூடிய மரப்பெட்டிக்குள் பல்பு எரிந்தது. ஒயரில் ஒட்டு மேல் ஒட்டு.

"பட்டப்பகல்ல எதுக்கு இது?" என்று ப்ளக்கில் கை வைத்தேன்.

கட்டிலிலிருந்த பெண் பாய்ந்து என் கையைப் பிடித்தாள்.

"புடுங்கிடாதீங்க சார்! உள்ள எம் புள்ள இருக்குது. கொறமாசத்துல பொறந்துட்டுது. இந்தச் சூட்டுலதான் உசுரோட இருக்குது."

துணியை விலக்கினாள். பஞ்சுக்கு நடுவே, ஒன்றரைச் சாண் நீளத்தில், ஒரு குழந்தை.

ஆனால் அந்த ஒயரை அப்படியே விட்டால் துணி தீப்பிடித்துவிடும். "கொஞ்ச நேரம் புள்ளைய நெஞ்சோட அணைச்சு வச்சுக்கம்மா" என்று சொல்லி, என் பையிலிருந்த புது ஒயரைப் போட்டு, பல்பைத் துணியில் படாமல் கட்டினேன்.

விளக்கு எரிந்தது. அவள் பிள்ளையைக் கீழே விடவில்லை.

"கைய உள்ள வச்சுப் பாருங்க சார். சூடு ஏறிடுச்சா?"

பல்பின் சூட்டை நஷ்டம் என்றுதான் நான் படித்திருந்தேன். அன்று பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு, அந்தச் சூடு சீக்கிரம் வரவில்லையே என்று தவித்தபடி நின்றேன்.