இருநூற்றுக்கு மேல் மூக்கு நிற்காது

கலியபெருமாள் அண்ணன் இன்று காலை போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணிதான் போன் செய்தார்.

வில்லியனூரில் எங்கள் பட்டறையில் வெள்ளீயத்தில் குட்டி உருவங்கள் வார்க்கிறோம். கை, கால், தொட்டில், ஆள்... அம்மனுக்கு நேர்ந்துகொள்பவர்கள் வாங்கிப்போய்ச் செலுத்துவார்கள். பதினோரு வருடம் அண்ணனும் நானும் ஒரே மேசை.

ரப்பர் அச்சுக்கு ஆயுசு இருநூறு வார்ப்பு என்பது அண்ணனின் சட்டம். சூடு பட்டுப் பட்டு முதலில் மூக்கு மழுங்கும், அப்புறம் விரல்கள்.

ஒவ்வொரு வார்ப்புக்கும் அச்சின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு. இருநூறு ஆனதும் பிளேடால் குறுக்கே கிழித்துவிடுவார். இவ்வளவு கறாரான ரிட்டயர்மென்ட்டை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

முதலாளி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மூக்கு இல்லன்னா இன்னாப்பா? ஆத்தாளுக்குத் தெரியாதா, அதுவே கண்டுபிடிச்சிக்கும்."

"கண்டுபிடிக்கும் மொதலாளி. ஊத்துனவன் யாருன்னும் கண்டுபிடிக்கும்."

தன் முகத்துக்கு அண்ணன் பவுடர் போட்டதில்லை. அச்சுக்குப் போடுவார், ஈயம் விரல் நுனிவரை ஓடவேண்டும் என்று.

போன மாதம் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனார். அவர் இல்லாத நாட்களில் ஆள் அச்சுக்கு இருநூறு கோடு நிரம்பியது. முதலாளி என்னைப் பார்த்தார்... பெயின்ட் தின்னர் தொட்டு முப்பது கோடுகளைத் துடைத்தது நான்தான்.

போன வாரம் அண்ணி ஓர் ஆள் உரு கேட்டார். வீராம்பட்டினத்து அம்மனுக்கு, அண்ணன் பிழைத்து வர. அவசரத்துக்கு அதே அச்சில் ஊற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன்.

அண்ணி வாங்குவதற்குள் அண்ணன் கையை நீட்டினார். கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார், அவ்வளவுதான்.

"தின்னர் வச்சித் தொடச்சியா?"

"ஆமாண்ணே."

"இது எவன் மூஞ்சிடா? ஆத்தா பாட்டுக்கு வேற எவனையாவது காப்பாத்திடப் போவுது."

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"வேற அச்சு எடுத்து ஊத்திக் கொண்டா. நான் எங்க போவப்போறேன்."

பெட்டியில் இருந்த மூல உருவை எடுத்து, ரப்பர் ஊற்றி, இரண்டு பாதியும் காய இரண்டு நாள். பழைய அச்சை நானே கிழித்தேன். நேற்று சாயந்திரம் முதல் வார்ப்பு. ஒரே ஒரு கோடு.

இன்று காலை கொண்டுபோவதாக இருந்தேன். சட்டைப்பையில்தான் இருக்கிறது.

மூன்று மணிக்குப் பண்டசோழநல்லூரில் எடுக்கிறார்கள். பட்டறை ஆட்கள் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

போயிட்டு வாண்ணே... மூக்கு நல்லா வந்திருக்கு.