முறுக்குக் கடையின் ஊமைப் பட்டன்

மணப்பாறை முறுக்குக் கடைக்காரருக்கு நான் செய்துகொடுத்த இணையதளத்தில் பட்டன்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முழுவதும் ஒரே கோப்பில் கிடந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், ஒழுங்கு பண்ணுகிறேன் பேர்வழி என்று அதைத் மாட்யூல்கள் எனப்படும் தனித்தனிச் சிறு கோப்புகளாகப் பிரித்தேன். மறுநாள் காலையில் அவர் போன் செய்தார். "ஆர்டர் பட்டனை அமுக்குனா ஒண்ணுமே நடக்கலைங்க. தீபாவளி யாவாரமே போயிடும் சார்!"

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே, எனக்கு வேறு என்ன தொழில் தெரியும் என்று யோசித்தேன். இறங்க வேண்டிய சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது, தொழில் வரவில்லை.

ஆபீஸில் என்னுடன் வேலை பார்க்கும் ஓர் அம்மா என் திரையைப் பார்த்துச் சிரித்தார். "பட்டன் வெளியிலேருந்து ஆர்டர் எடுக்குற ஃபங்ஷனைக் கூப்பிடுது. அதை நீங்க மாட்யூலுக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க. உள்ளேருந்தே பட்டனோட இணைங்க சார்."

ஒரே வரிதான் சேர்த்தேன். ஆர்டர் வந்தது.

"சின்னப் பராமரிப்பு வேலைங்க" என்று கடைக்காரரிடம் கம்பீரமாகச் சொன்னேன்.

"இனிமே தீபாவளி முடிஞ்சு பராமரிங்க சார்."